அடுப்புக்கு மேடை வந்தாச்சு, செடிக்கு எப்போ?

போன மாசம் கோயமுத்தூர்ல அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். காப்பி குடிச்ச கையோட மாடிக்குக் கூட்டிட்டுப் போய்த் தோட்டத்தைக் காட்டினாங்க. நாப்பது பை வச்சிருக்காங்க. செடி இருக்கறது இருபத்தஞ்சு பையிலதான். மீதிப் பதினஞ்சுல இறுகிப்போன மண்ணும், போன வருஷத்துத் தக்காளிச் செடியோட காஞ்ச குச்சியும்தான் நிக்குது.

"ஏனுங்க்கா, இதுல எல்லாம் ஒண்ணும் வைக்கலையா?"

"மண்ணைக் கீழ கொட்டி, கட்டி உடைச்சு, எரு கலந்து திரும்பப் போடணும் தம்பி. அதுக்குக் குனிஞ்சா நிமிர முடியறதில்ல. போன தடவை மூணு பை மாத்திட்டு ரெண்டு நாள் படுத்துக்கிட்டேன். இந்த ஆடி போகட்டும், அடுத்த ஆடிக்குப் பாத்துக்கலாம்."

மண்ணு கலக்கறதுக்கு அக்கா வச்சிருக்கற இடம் எது தெரியுமா? ஒரு பழைய ஃப்ளெக்ஸ் பேனர். அதைத் தரையில விரிச்சு, அதுக்கு நடுவுல குத்தவச்சு உக்காந்து வேலை செய்யறாங்க. வயசு அம்பத்தி நாலு.

கீழ இறங்கி வந்தோம். சமையல்கட்டுல அக்கா நின்னு வெங்காயம் அரிஞ்சாங்க. கருப்பு கிரானைட் மேடை, அளவெடுத்துத் தைச்ச சட்டை மாதிரி அவங்க இடுப்புக்குச் சரியா இருக்கு. அரிவாள்மனை இல்லை, கத்தியும் பலகையும்தான். குப்பை போட ஒரு எட்டுல கூடை, தண்ணிக்கு ஒரு எட்டுல குழாய். அதே மனுஷி, அதே கை. கீழ நின்னு ராணி மாதிரி வேலை செய்யறவங்க, பதினஞ்சு படி ஏறி மேல போனா தரையில உக்காந்து முதுகைப் பிடிச்சுக்கறாங்க.

அன்னிக்கு ராத்திரி பஸ்ஸுல ஊருக்கு வரும்போது இதையேதான் நினைச்சுக்கிட்டு வந்தேன். அதைத்தான் இன்னிக்கு எழுதறேன். மாடித்தோட்டம் வைக்கணும்னு ஆசைப்படற நகரத்து நண்பர்களுக்கு என் கருத்து இதுதான்: அடுத்த பத்து பை வாங்கறதுக்கு முன்னாடி ஒரு மேசை போடுங்க. நின்னு மண்ணு கலக்கறதுக்கும், விதை போடறதுக்கும், தொட்டி மாத்தறதுக்கும்னு ஒரு மேசை. இங்கிலீஷ்ல பாட்டிங் பெஞ்ச்னு சொல்றாங்க. எங்க வீட்டுல அதுக்கு 'மண்ணு மேசை'ன்னு பேர் விழுந்துருச்சு.

இதைச் சொன்னதும் சிரிக்கறவங்க உண்டு. எங்க ஊர்ல பெரியப்பா ஒருத்தர் இருக்கார். மேசையைப் பாத்துட்டு, "விவசாயி ஆபீசர் ஆயிட்டானப்பா, இனி ஃபேனும் நாற்காலியும் வந்துரும்"னார். குனியாம என்ன விவசாயம்ங்கறது அவர் கட்சி. அவருக்கு நான் சொன்ன பதில் அடுப்படியிலதான் இருக்கு.

எங்க ஆத்தா காலத்துல அடுப்பு தரையில இருந்துச்சு. மண்ணுல பூசின அடுப்பு. அதுக்கு முன்னாடி உக்காந்து ஊதாங்குழலால ஊதி, புகையில கண்ணைக் கசக்கி, ஒரு நாளைக்கு நூறு தடவை உக்காந்து எந்திரிச்சு சமைச்சாங்க. அப்புறம் மண்ணெண்ணெய் ஸ்டவ், அதுக்கப்புறம் கேஸ் அடுப்பு. கேஸ் வந்ததும் அடுப்பு மேல ஏறிக்கிச்சு, மேடையும் வந்துச்சு. இன்னிக்கு ஒரு ஓட்டு வீடு கட்டறவங்ககூட சமையல் மேடை இல்லாம கட்டறதில்ல. அதை ஆடம்பரம்னு யாராவது சொல்றோமா? "பொம்பளைங்க நின்னு சமைக்க ஆரம்பிச்சதும் ருசி போச்சு"ன்னு ஒருத்தர் ரெண்டு பேர் புலம்பியிருப்பாங்க. ஆனா யாரும் மேடையை இடிச்சுப் போட்டுட்டுத் தரைக்குத் திரும்பிப் போகலை.

வயக்காட்டுல இந்த மாத்தம் இன்னும் முழுசா வரலை. எங்க பகுதி தடப்பள்ளி வாய்க்கால் பாசனம். நெல்லு, மஞ்சள், கரும்பு. நாத்து நடவு, களையெடுப்பு ரெண்டும் காலங்காலமா பொம்பளைங்க வேலை, ரெண்டும் இடுப்பை ஒடிச்சுக் குனியற வேலை. திருந்திய நெல் சாகுபடி வந்தப்போ கோனோ வீடர்னு ஒரு கருவி வந்துச்சு. நின்ன வாக்குல தள்ளிக்கிட்டே போனா களை மண்ணுக்குள்ள அமுங்கிரும். எங்க ஊர்ல என்ன நடந்துச்சு தெரியுமா? வேலை நின்னுக்கிட்டுச் செய்யற மாதிரி ஆனதும் அதை ஆம்பளைங்க கையில எடுத்துக்கிட்டாங்க. குனியற வரைக்கும் அது அவங்க வேலை, நிமிர்ந்ததும் நம்ம வேலை. நானும் அதுல ஒருத்தன்தான், மத்தவங்களைக் குத்தம் சொல்ல வரலை.

குனியற வேலை இயற்கை, அதை மாத்த முடியாதுன்னு நினைக்கறவங்களுக்கு ஒரு சேதி. அமெரிக்காவுல கலிஃபோர்னியா மாகாணத்துல, பிடி ரொம்பக் குட்டையா இருக்கற களைக்கொத்தைக் கொடுத்துத்தான் பண்ணைக்காரங்க வேலை வாங்கிட்டிருந்தாங்க. நாள் முழுக்க ரெண்டா மடிஞ்சு வேலை செஞ்சு கூலிக்காரங்களுக்கு முதுகு போச்சு. வழக்கு நடந்து, 1975ல அந்தக் குட்டைக் கொத்தை அங்க தடை பண்ணாங்க. நீளப் பிடி வந்துச்சு. வெள்ளாமை ஒண்ணும் நின்னு போகலை. ஒரு கொத்துப் பிடியோட நீளம் ஒரு மனுஷனோட முதுமையை முடிவு பண்ணும்னா, நம்ம தோட்டத்துல மண்ணு கலக்கற உயரமும் அப்படித்தான்.

சரி, இதெல்லாம் எனக்கு எப்போ புரிஞ்சுதுன்னு சொல்லணும். புரிஞ்சது லேட்டாத்தான்.

எங்க அம்மாவுக்கு இப்ப அறுபத்தியேழு. எங்க வீதியில யாருக்கு மொளகா நாத்து வேணும்னாலும் கத்திரி நாத்து வேணும்னாலும் எங்க அம்மாகிட்டதான் வருவாங்க. கட்டுத்தரைக்குப் பின்னாடி ரெண்டு பாத்தி. ஆனி மாசம் பொறந்தா மாட்டெரு சலிச்சுப் போட்டு, சாம்பல் தூவி, விதை தெளிச்சு, வைக்கோல் மூடித் தண்ணி தெளிப்பாங்க. காசு வாங்க மாட்டாங்க. யாராவது ஒரு படி கம்பு, ஒரு சீப்பு பழம் கொண்டாந்து வச்சுட்டுப் போவாங்க, அவ்வளவுதான். விதை அவங்களே எடுத்து வச்சது. ஒரு மொளகா, சின்னக் காய், காரம் சுள்ளுனு ஏறும். ஒரு கத்திரி, வெளிர் பச்சையில வெள்ளை வரி போட்டது, எங்க ஆத்தா கல்யாணமாகி வரும்போது பொறந்த ஊர்லயிருந்து முந்தானையில முடிஞ்சு கொண்டு வந்தது. ரெண்டும் சாம்பல்ல புரட்டி, மண் கலயத்துல, ஆசாரத்து உத்தரத்துல தொங்கும்.

மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஆனி மாசம், "போதுஞ்சாமி, இனி நான் நாத்து விடலை"ன்னுட்டாங்க. நான் என்ன நினைச்சேன்? வயசாச்சு, சலிச்சுப் போச்சுன்னு நினைச்சேன். "ஆமாம்மா, ரெஸ்ட் எடுங்க, நாத்து இப்ப நர்சரியிலயே கிடைக்குது"ன்னேன். பெரிய மனசு பண்ணி அம்மாவுக்கு ஓய்வு கொடுத்த மாதிரி எனக்கு நானே நினைச்சுக்கிட்டேன். அடுத்த வருஷமும் அப்படியே போச்சு.

போன வருஷம் ஒரு நாள் மத்தியானம் கட்டுத்தரைப் பக்கம் போனேன். அம்மா ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உக்காந்து, ரெண்டு காலுக்கு நடுவுல ஒரு பழைய சட்டியை வச்சு, அதுல மண்ணு நிரப்பப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. கை எட்டலை. எட்டறதுக்குக் குனிஞ்சா முழங்கால் விடலை. என்னைப் பாத்ததும் திருடு பிடிபட்ட மாதிரி கையைத் தட்டிக்கிட்டு, "சும்மாடா கண்ணு"ன்னாங்க.

சலிப்பெல்லாம் ஒண்ணுமில்ல. அவங்களுக்குத் தரையில உக்காந்தா எந்திரிக்க முடியலை. அதைச் சொன்னா வீட்டுல இருக்கறவங்களுக்குப் பாரம்னு, "நாத்து விடலை"ன்னு சொல்லிட்டாங்க.

உடனே ஆசாரியைக் கூப்பிட்டு மேசை போட்டேன். வேப்பம்பலகை, பனஞ்சட்டத்துல கால். "எத்தனை உயரம் வைக்கறதுங்க?"ன்னு ஆசாரி கேட்டார். நான் நிமிர்ந்து நின்னு, "இந்த அளவுக்கு வச்சிருங்க"ன்னு என் இடுப்புக்கு மேல கையை வச்சுக் காட்டினேன். முப்பத்தெட்டு அங்குலம் வந்துச்சு. பெருமையா அம்மாகிட்ட காட்டினேன். "நல்லாருக்குது சாமி"ன்னாங்க. ஒரு வாரம் கழிச்சுப் பாத்தா மேசை மேல வடகம் காயுது.

எனக்கு வந்த கோவம் இருக்கே! இவ்வளவு செலவு பண்ணிப் போட்டுக் கொடுத்தா வடகம் காய வைக்கறாங்களேன்னு வீட்டுக்காரிகிட்ட கத்தினேன். அவ ஒரு வார்த்தைதான் சொன்னா: "ஏனுங்க, உங்க அம்மா அதுக்கு முன்னாடி நின்னு நீங்க பாத்தீங்களா?"

போய் அம்மாவை நிக்க வச்சுப் பாத்தேன். எங்க அம்மா அஞ்சடிகூட இல்லை. அவங்க முழங்கை மேசைக்குக் கீழ இருந்துச்சு. மண்ணு கலக்கணும்னா ரெண்டு தோளையும் தூக்கித்தான் கையை மேல வைக்கணும். அஞ்சு நிமிஷத்துல தோள்பட்டை கடுக்கும். நான் அம்மாவுக்காகப் போட்ட மேசை, என் உயரத்துக்குப் போட்ட மேசை. அதைக்கூட அவங்க வாயைத் திறந்து சொல்லலை, வடகம் காய வச்சுட்டாங்க.

அன்னிக்கே ரம்பத்தை எடுத்து நாலு காலையும் ஆறு அங்குலம் அறுத்தேன்.

அதனால மேசை போடறவங்களுக்கு நான் சொல்ற முதல் விதி, மரத்தைப் பத்தியும் இல்ல, காசைப் பத்தியும் இல்ல. யார் வேலை செய்யப் போறாங்களோ அவங்களை அளங்க. வழக்கமாப் போடற செருப்போட நேரா நிக்கச் சொல்லி, முழங்கையை மடக்கச் சொல்லுங்க. தரையிலயிருந்து முழங்கை வரைக்கும் டேப் வச்சு அளந்து, அதுல அஞ்சு அங்குலம் கழிங்க. அதுதான் மேசையோட உயரம். எங்க அம்மாவுக்கு முப்பத்தியேழுல அஞ்சு போக முப்பத்திரெண்டு. எனக்கு நாப்பத்திமூணுல அஞ்சு போக முப்பத்தெட்டு. ஒரே வீட்டுக்குள்ள அரை அடி வித்தியாசம். ரெண்டு பேர் வேலை செய்வோம்னா உயரம் கம்மியா இருக்கறவங்க அளவுக்குப் போடுங்க. எனக்கு உயரம் பத்தலைன்னா மேசை மேல ஒரு தக்காளிக் கிரேட்டைக் கவுத்து வச்சு, அது மேல தட்டை வச்சு வேலை செஞ்சுக்கறேன். உயர்ந்த மேசையை அம்மாவுக்காக அப்படிச் சட்டுனு இறக்க முடியாது.

நீளம் நாலடி போதும், அகலம் ரெண்டடி. அகலத்தை இதுக்கு மேல கூட்டாதீங்க, அந்தக் கடைசிக்குக் கை எட்டாது, எட்டாத இடத்துல சாமான் சேரும். பின்னாடியும் ரெண்டு பக்கமும் அரையடி உயரத்துக்குப் பலகை அடைங்க, முன்பக்கம் மட்டும் திறந்து இருக்கட்டும். மண்ணு கீழ சிந்தாம இருந்தாலே பாதி வேலை மிச்சம். கீழ ஒரு தட்டு, முழங்கால் உயரத்துல. எருச் சாக்கு, அஞ்சு கிலோ தேங்காய்நார்க் கழிவுக் கட்டி, வேப்பம் புண்ணாக்கு எல்லாம் அதுல. பாரமான சாமானைத் தரையில வச்சா, தூக்க மறுபடியும் குனியணும். அப்புறம் மேசை எதுக்கு?

எதுல போடறது? தனி வீடு, கீழ இடம் இருக்குன்னா ரொம்பச் சுலபம். எட்டு அங்குல உயர ஹாலோ பிளாக்கை ஒண்ணு மேல ஒண்ணா நாலு அடுக்குனா முப்பத்திரெண்டு அங்குலம். அப்படி ரெண்டு தூண் கட்டி, மேல ஒரு கடப்பாக்கல்லைப் போட்டா ஆச்சு. சும்மா அடுக்கி வைக்காம சிமெண்ட் வச்சுக் கட்டிருங்க, குழந்தைங்க ஏறும். கடப்பாக்கல்லு தண்ணியில ஊறாது, கழுவிவிட்டாச் சுத்தமாயிரும்.

மாடியில இந்த வேலை வேண்டாம். ஒரு அங்குலக் கனத்துல நாலடிக்கு ரெண்டடி கடப்பாக்கல்லே அம்பது கிலோ பக்கம் வரும், பிளாக்கு பாரம் தனி. மாடிக்கு இரும்பு ஸ்டாண்டுதான் சரி. பழைய தையல் மெஷினோட இரும்புக் காலு பரண்லயோ காயலான் கடையிலயோ கிடக்கும். அது மேல ஒரு பழைய கதவுத் துண்டை முடுக்கினா அருமையான மேசை. உயரம் பத்தலைன்னா காலுக்கடியில செங்கல் வச்சுக்கலாம். மேசையை மாடி நடுவுல போடாம, கீழ சுவர் வர்ற ஓரமாப் போடுங்க. இரும்புக் காலு தளத்தைக் கீறாம இருக்கப் பழைய டயர் துண்டு வைங்க. பிளைவுட் மட்டும் வேண்டாம், ஒரே மழைக்காலத்துல உப்பி ஏடு ஏடாப் பிரியும். காலைல பத்து மணிக்கு மேல நிழல் விழற இடமும், குழாய்க்குப் பக்கமும் கிடைச்சா விட்டுறாதீங்க. எறும்பு ஏறுதுன்னு பழைய காலத்து மாதிரி காலுக்குத் தண்ணிக் கிண்ணம் வைக்காதீங்க, கொசு முட்டை போட அது போதும்.

கடையில ஆயிரக்கணக்குல விலை போட்டு, கொக்கி, டிராயரெல்லாம் வச்சு அழகா விக்கறாங்க. வாங்கறவங்க வாங்கட்டும். ஆனா வாங்கறதுக்கு முன்னாடி அதோட உயரத்தைக் கேளுங்க. அது வேற தேசத்து ஆளோட இடுப்புக்குச் செஞ்சதா இருக்கலாம்.

இனி மேசையில என்ன செய்யறது, என்ன செய்யக்கூடாது.

மொதல்ல ஒரு எச்சரிக்கை. பெரிய பையை மேசை மேல வச்சு நிரப்பாதீங்க. ஓரடி உயரப் பையை மேசை மேல வச்சா அதோட வாய் உங்க நெஞ்சுக்கு வந்துரும். நிரப்பி முடிச்சா பதினஞ்சு கிலோவுக்குக் குறையாது, அதை இறக்கறதுல முதுகு பிடிச்சுக்கும். பெரிய பை எங்க இருக்கணுமோ அங்கேயே இருக்கட்டும். கலவையை மேசையில தயார் பண்ணி, சின்ன வாளியில கொஞ்சம் கொஞ்சமாக் கொண்டு போய்ப் போடுங்க. மேசை கலக்கறதுக்கும், குழித்தட்டுல விதைக்கறதுக்கும், நாத்தைச் சின்னத் தொட்டிக்கு மாத்தறதுக்கும், பதியன் போடறதுக்கும்தான்.

தேங்காய்நார்க் கழிவுக் கட்டியை முந்தின நாளே ஒரு டப்புல ஊற வச்சிருங்க. ரெண்டு மூணு தடவை தண்ணி மாத்திப் பிழிஞ்சாத்தான் அதுல இருக்கற உப்பு போகும். மறுநாள் அதுல ஒரு பங்கு, செம்மண் ஒரு பங்கு, மண்புழு உரமோ மக்குன தொழுவுரமோ ஒரு பங்கு, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. மேசையில கொட்டி ரெண்டு கையாலயும் புரட்டுங்க. ஒரு பிடி எடுத்து அமுக்குனா கொழுக்கட்டை மாதிரி நிக்கணும், விரலால தட்டுனா உதிரணும். தண்ணி சொட்டுச்சுன்னா ஈரம் அதிகம். கலந்ததை ஒரு வாரம் பத்து நாள் நிழல்ல ஆற விட்டு அப்புறம் நடுங்க. புண்ணாக்குச் சூட்டுல நாத்து கருகிறக்கூடாது.

நாத்து விடறதுக்குத் தொண்ணூத்தெட்டுக் குழித்தட்டு நல்லது. அதுக்கு மண்ணு வேண்டாம், கழுவுன நார்க்கழிவும் மண்புழு உரமும் போதும். குழியை நிரப்பி, விரல் நுனியால அரை சென்டிமீட்டர் பள்ளம் பண்ணி, குழிக்கு ஒரு விதை. ஒரு கிலோ விதைக்குப் பத்து கிராம் சூடோமோனாஸ்ங்கறது எங்க விவசாயக் கணக்கு. உங்க கையில இருக்கற அம்பது விதைக்கு ஒரு சிட்டிகை போட்டுப் புரட்டுனாப் போதும். விதைச்ச தட்டுகளை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கிப் பாலித்தீன் தாளால மூடி, தினம் காலைல திறந்து பாருங்க. மொத மொளை தெரிஞ்ச உடனே எடுத்துப் பரப்பிரணும், ஒரு நாள் மறந்தாலும் வெள்ளையா நீண்டு சாஞ்சுரும். தக்காளி நாத்து இருபத்தஞ்சு முப்பது நாள்ல நடவுக்கு வரும், கத்திரி இன்னும் ஒரு அஞ்சு நாள், மொளகா முப்பத்தஞ்சு நாப்பது நாள் கேக்கும்.

இன்னொண்ணு. வாடி செத்த செடியோட மண்ணை நாத்து மேசைக்குக் கொண்டு வராதீங்க. வாடல் நோயும் நூற்புழுவும் அந்த மண்ணு வழியாத்தான் அடுத்த செடிக்குப் போகும். மேசைங்கறது எல்லா மண்ணும் வந்து போற இடம், அதனால ஒரு வேலை முடிஞ்சதும் கூட்டிவிட்டு, சோப்புத் தண்ணியில துடைச்சு வெயில்ல காய விடுங்க. சமையல் மேடையை ராத்திரி துடைக்காம படுக்கறதில்லையே, அதே மாதிரிதான்.

"தரையில உக்காந்து எந்திரிக்கறதுதானே உடம்புக்கு நல்லது? அதையும் விட்டா எப்படி?"ன்னு கேப்பீங்க. உக்காந்து எந்திரிக்க முடியறவங்க தாராளமா உக்காருங்க, நானும் இன்னும் குத்தவச்சுத்தான் களை பிடுங்கறேன். ஆனா முடியறவங்க உடம்பை வச்சு முடியாதவங்களுக்கு விதி எழுதக்கூடாது. அரை மணி நேரம் விருப்பத்துக்குக் குனியறது வேற, குனிஞ்சாத்தான் தோட்டம்ங்கற நிபந்தனை வேற. அந்த நிபந்தனைதான் அறுபது வயசுக்காரங்களைத் தோட்டத்தை விட்டு வெளிய அனுப்புது. விவரம் தெரிஞ்ச கை எல்லாம் அந்த வயசுலதான் இருக்கு.

2013-14ல தோட்டக்கலைத் துறை சென்னையிலயும் கோயமுத்தூர்லயும் மாடித்தோட்டத் தளைகள் கொடுக்க ஆரம்பிச்சாங்க. பை, நார்க்கழிவு, விதை, உயிர் உரம்னு செடிக்கு வேண்டியதை ஒரே கட்டா மானிய விலையில கொடுத்தது நல்ல திட்டம். நிறையப் பேர் அதுலதான் தோட்டம் ஆரம்பிச்சாங்க. ஆனா அரசாங்கம் ஆகட்டும், கடைக்காரர் ஆகட்டும், என்னை மாதிரி எழுதறவங்க ஆகட்டும், எல்லாரும் செடிக்கு என்ன வேணும்னுதான் பட்டியல் போடறோம். செடி வளக்கறவங்களுக்கு என்ன வேணும்னு யாரும் போடறதில்ல. மாடித்தோட்டம் பாதியில நிக்கறதுக்கு வெயில், பூச்சி, குரங்குன்னு ஆயிரம் காரணம் சொல்லுவோம். பல வீட்டுல உண்மையான காரணம் முதுகுதான்.

காலை அறுத்த மறுநாளே அம்மா மேசைக்கு வந்துட்டாங்க. உத்தரத்துல தொங்குன கலயத்தை என்னை இறக்கச் சொன்னாங்க. ஒரு தட்டு மொளகா, ஒரு தட்டு கத்திரி. நின்ன வாக்குல ஒவ்வொரு குழியா விதை போட்டாங்க. இடையில என் வீட்டுக்காரி டீ கொண்டு வந்தா, கையைக் கழுவி நின்னே குடிச்சாங்க. மூணு வருஷத்துக்கப்புறம் அவங்க கையில மண்ணைப் பாத்தேன்.

மொளகா தொண்ணூத்தெட்டுல முப்பத்தொண்ணு மொளைச்சுது. விதை ரொம்பப் பழசாயிருச்சு. "முப்பத்தொண்ணு இருக்குதல்ல, போதுஞ்சாமி. இதுலயிருந்து விதை பிடிச்சுக்கலாம்"னாங்க அம்மா. பிடிச்சும் வச்சுட்டாங்க, இப்ப கலயத்துல புது விதை இருக்கு.

கத்திரியில ஒண்ணுகூட மொளைக்கலை. இருபது நாள் வரைக்கும் தண்ணி தெளிச்சுப் பாத்தாங்க. ஆத்தா பொறந்த ஊருக்குப் போய் விசாரிச்சேன், சொந்தக்காரங்க வீடு வீடாக் கேட்டேன். எல்லாரும் இப்ப கடை விதைதான் போடறாங்க. அந்த வரிக் கத்திரி எங்ககிட்ட இல்லாமப் போச்சு. நான் ரெண்டு வருஷம் முன்னாடி அம்மா ஏன் வேண்டாங்கறாங்கன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, ஒரு மேசை போட்டிருந்தா, இன்னும் இருந்திருக்கும். அதை நான் யார் மேலயும் போட முடியாது.

அக்கா வீட்டுப் பரண்ல அவங்க மாமியாரோட தையல் மெஷின் காலு கிடக்குது. ஊருக்குக் கிளம்பறப்ப இறக்கித் துடைச்சு வச்சுட்டுத்தான் வந்தேன். மாமா கதவுப் பலகை பாத்துட்டேன்னு நேத்து போன் பண்ணார். "அக்காவோட முழங்கை எத்தனை அங்குலம்?"னு கேட்டேன். "அதை எதுக்கு மாப்ள அளக்கணும்?"னார். டேப்பை எடுத்துட்டு வரச் சொல்லி, போன்லயே அளக்க வச்சேன். முப்பத்தொன்பது.

ஆடிக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கு. இந்த ஞாயித்துக்கிழமை மேசை போட்டா, அடுத்த நாளே தட்டுல தக்காளி விதைக்கலாம். ஆடிப்பட்டத்துக்கு நாத்து தயாரா இருக்கும். வீட்டுல டேப் இல்லைன்னா அம்மாவோட பழைய தையல் பெட்டியில தேடுங்க. அளக்கும்போது அப்படியே, "முழங்கால் எப்படிம்மா இருக்கு?"ன்னும் கேட்டுருங்க.